மிதி இறுகிய ஹெலிகொப்டரும் கரைவலைக் கயிறும்

அனுப்புநர்:
திருமதி பூரணி சோமசேகரம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
கடற்கரை வீதி, நிலாவெளி.

பெறுநர்:
தலைமைப் பயிற்சி அதிகாரி,
கிழக்கலை ஹெலிகொப்டர் பயிற்சி நிலையம்,
நிலாவெளி.

விடயம்: நிறுத்தப்பட்ட மிதி இறுகிய தரையிறக்கப் பயிற்சியை மீண்டும் நடத்தக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரார் தங்கள் ஓடுபாதைக்குள் நுழைந்ததால் மேற்படி பயிற்சியைத் தாங்கள் நிறுத்தியுள்ளீர்கள். பிழை எங்களுடையது, தண்டனையோ பயிலுநர் செல்வி ஷிஃபானாவுக்குப் போயிருக்கிறது. இதுவே எனது முறைப்பாடு.

2. அன்று காலை கரையில் நின்று கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள், ஹெலிகொப்டர் மூக்கை ஒரு பக்கம் திருப்பியபடி நண்டைப் போல இறங்கி வரக் கண்டனர். எங்கள் கரையில் ஒரு வள்ளம் அப்படித் தடுமாறி வந்தால், யாருடையது என்று கேளாமல் வலையை விட்டுவிட்டு எல்லோரும் ஓடுவது வழக்கம். அப்படியே ஓடினார்கள். வலையின் சொந்தக்காரரான சின்னராசா சம்மாட்டி கயிற்றோடு ஓடுபாதை வேலியேறி, "வாலில கொளுவுங்கோடா, இழுத்து நேராக்குவம்" என்று கூவியதை நானே கேட்டேன். அந்த வாலில்தான் சுழலி இருக்கிறது. அதை ஓட்டிவந்த ஷிஃபானா தரையைத் தொடாமல் உடனே மேலெழும்பிப் போனதால் எவருக்கும் காயமில்லை. வலையில் கிடந்த மீன்களும் தப்பின.

3. கிண்ணியாவைச் சேர்ந்த ஷிஃபானா என் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். அன்று மாலை அவரைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றேன். வால் சுழலியை ஆளும் மிதி இறுகிவிட்டதாகப் பாவனை செய்து, இயந்திர விசையைக் கூட்டிக் குறைத்தே மூக்கை நேராக்கி இறக்குவதுதான் பாடம் என்று அவர் விளக்கினார். கரைவலைக்காரர் பலருக்கு விளங்கவில்லை. ஒரு பக்கக் கயிறு அசையாது நின்றால், மறுபக்கத்தார் இழுவையைக் கூட்டிக் குறைத்து வலையை நேராக்குவதில்லையா என்று கேட்டேன். சம்மாட்டி, "ஓம் ரீச்சர், அப்ப பிள்ளை விழேல்ல, வலிச்சு நேராக்கிறா" என்றார். அதன் பிறகு அவரே மற்றவர்களுக்குப் பாடம் நடத்தினார்.

4. ஐயா, விசையையும் திருப்பத்தையும் காலமெல்லாம் கரும்பலகையில் கற்பித்தவள் நான். இச்சம்பவத்துக்கு முந்திய வாரம் என் முற்றத்திலிருந்து அந்தத் தரையிறக்கத்தைப் பார்த்தேன். குறுக்காக வந்த மூக்கு, நிலத்தைத் தொடும் கணத்தில் ஓடுபாதையோடு நேராகி, சறுக்குக் கால்கள் உரச உரச ஹெலிகொப்டர் ஓடிப் போய் நின்றது! தனியாக நின்று கைதட்டினேன். இந்தப் பாடம் முடியாவிட்டால் ஷிஃபானா அடுத்த மாதப் பரீட்சைக்குத் தோற்ற இயலாது என அறிகிறேன்.

5. ஆகையால், பயிற்சி நாட்களில் வேலியோரம் ஒரு வெள்ளைக் கொடி ஏற்றி, பயிற்சியைத் தொடருமாறு பணிவுடன் கேட்கிறேன். கொடி பறக்கையில் வேலியைத் தாண்டுவதில்லை என்று கரைவலைக்காரர் அனைவரும் இத்துடன் கையொப்பமிட்டுள்ளனர். கொடி இல்லாத நாளில் ஒரு ஹெலிகொப்டர் அப்படி வந்தால், ஓடி வரமாட்டோம் என்று மட்டும் எழுதித்தர அவர்கள் மறுத்துவிட்டார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

அடுத்த தரையிறக்கத்தை வேலிக்கு இப்பால் நின்று காண ஆவலுடன் இருக்கும்,

பூரணி சோமசேகரம்
(ஒப்பம்)

இடம்: நிலாவெளி
திகதி: 16.06.2025