சுண்டுவிரலளவு ஆள்

ஜூன் 3

இந்தக் காட்டில் மனிதனை எங்கே நிறுத்துவது? தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

அருங்காட்சியக முன்கூடத்துச் சுவரின் முழு நீளத்துக்கும் வரப்போகிற படம். ஐந்து மாதமாகக் கரியில் வரைகிறேன். இன்று மேலாளர் வந்து பார்த்தார்.

“காடு காடாவே இருக்கு மேடம். நடுவுல ஒரு ஆள் வேணாமா? பாக்குறவங்க எங்க நிப்பாங்க?”

“வெளியதான்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஜூன் 4

ஆள் ஒரு முழ உயரம் இருக்க வேண்டுமாம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு! என் பெரிய மரம் படத்தில் ஒரு மீட்டர், காட்டில் நாற்பது. அந்தக் கணக்கில் மனிதன் சுண்டுவிரலுக்கு மேல் வளர முடியாது என்றேன்.

“அப்ப மரத்தைச் சின்னதாக்கிடுங்க.”

மரத்தைச் சின்னதாக்கணுமாம் — இவனுக்கெல்லாம் அருங்காட்சியகச் சாவியை யார் குடுத்தது?

ஜூன் 6

பேச்சு இல்லை. அவர் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொள்கிறேன். சுவர் பரவாயில்லை.

ஜூன் 9

நாளை மறுநாள் திறப்பு. மேலாளர் முடிவாகச் சொல்லிவிட்டார்: “நீங்க வரையலைன்னா அச்சகத்துல சொல்லி ஒரு ஆளை ஒட்டிக்கறேன். கோவிச்சுக்காதீங்க.”

வீட்டில் சொன்னேன். கணவர் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. “என்னை வரைஞ்சிடேன். அங்கேயாவது திட்டு விழாது.” அதோடு விட்டாரா? “ஜீப்புல போய் இறங்கித்தானே இதெல்லாம் பார்த்தே? படத்துல அந்த ஜீப் எங்கே?”

எழுந்து வந்துவிட்டேன். எனக்கு வாய்த்ததெல்லாம் இப்படித்தான்.

ஜூன் 10

வரைந்துவிட்டேன். பெரிய மரத்தின் வேருக்குப் பக்கத்தில், சுண்டுவிரலளவு ஆள். முகம் கிடையாது.

கரி உதிராமலிருக்கக் காட்டின் மேல் போன வாரமே பசை தெளித்தாயிற்று. இவனுக்கு மட்டும் தெளிக்கவில்லை. மறந்தேனா? புட்டி கையில்தான் இருந்தது.

ஜூன் 11

திறப்பு விழா. நல்ல கூட்டம். ஒருவரும் மரத்தைப் பார்க்கவில்லை. “ஆள் எங்கே, ஆள் எங்கே” என்று தேடி, “தோ இருக்கான்!” என்று விரலை வைத்தார்கள். முதல் விரல் மேலாளருடையது.

மாலையில் வேரருகே ஒரு கறுப்புத் தீற்றல்தான் மிச்சம். காட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“மறுபடி போட்டுடுங்க மேடம்” என்றார் மேலாளர், கரி படிந்த விரலைக் கால்சட்டையில் துடைத்தபடி.

“எங்கே?”

அவர் படத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துக்கொண்டு போனார்.