பதினோராவது சட்டை

அண்ணா,

இன்று காலை காரின் டிரங்கைத் திறந்ததும் ஈரப்புல் வாசனை வந்தது. உங்கள் மனைவி ஊருக்குப் போகுமுன் என்னிடம் கொடுத்த பந்துப் பை அங்கேதான் கிடக்கிறது. அதற்குள் நம் கிளப்பின் நோட்டும்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக் பூங்காவில் ஞாயிறு காலைகளில் ஆடிய நம் கால்பந்து அணி எந்த லீக்கிலும் இல்லை. பதினொரு பேர் சேர்ந்த நாளும் இல்லை. யாராவது ஒருவர் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அழைத்துவர நூவர்க் ஏர்போர்ட்டுக்குப் போயிருப்பார். ஆள் குறைந்தால் எதிரணியிடமே ஒருவரை இரவல் கேட்பீர்கள். ஆடவும் தெரியாத, பேசவும் கூச்சப்பட்ட என்னைக் கோட்டோரம் உட்காரவைத்து நோட்டைக் கையில் கொடுத்தவரும் நீங்கள்தான்.

"ஏனுங்க செக்ரட்டரியம்மா, அஞ்சு கோல் வாங்குனதை எழுதிட்டீங்களா?"

"ஆறுண்ணா."

"அட, ஒண்ணை மறந்துட்டேனுங்க!"

கோல்கீப்பர் நீங்கள்.

எப்படியாவது இந்த வட்டாரத்துக் கவுண்டி லீக்கில் சேர வேண்டும் என்பது உங்கள் ஆசை. பதினொரு நீலச் சட்டைகளை முன்கூட்டியே வாங்கி கேரேஜில் மடித்து வைத்திருந்தீர்கள். விண்ணப்பத்தோடு கிளப்பின் வரலாற்றை ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் எழுதினேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எல்லோருக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தே வளர்ந்தவள். அதில் குறை தெரியக் கூடாது என்பதுதான் எனக்குத் தெரிந்திருந்தது. நாம் வென்ற ஒரே ஆட்டத்தை விரிவாக எழுதினேன். இரண்டு கோலையும் அடித்தவர் நாம் இரவல் வாங்கிய போர்த்துகீசியர் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

படித்துவிட்டுத் தாளை என்னிடமே நீட்டினீர்கள். "அவரு பேரை எழுதுங்க."

"எழுதினா நம்மகிட்ட ஆள் இல்லைன்னு தெரிஞ்சிடும்ணா. சேர்க்க மாட்டாங்க."

"தெரியட்டுங்க. அவரை விட்டுட்டா அது நம்ம கதையே இல்லீங்களே."

எழுதினேன். ஆள் போதாது என்று நிராகரித்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு ஒருவர், "எல்லாத்தையும் ஒப்பிச்சா எவன் சேர்ப்பான்?" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "நான் சொல்லித்தான் எழுதுனாங்க" என்றபடி கையுறைகளை மாட்டிக்கொண்டு கோலுக்கு நடந்தீர்கள். சட்டைகளை நீங்கள் பிரிக்கவே இல்லை.

அந்தக் குளிர்காலத்தில் உங்கள் இதயம் நின்றது.

உங்கள் உடலை வைத்திருந்த ஃபியூனரல் ஹோமுக்கு உங்கள் மனைவி அந்தச் சட்டைகளை எடுத்து வந்திருந்தார். நம்மவர்கள் கோட்டைக் கழற்றிவிட்டு அவற்றை மாட்டிக்கொண்டார்கள். பழக்கத்தில் எண்ணினேன். அன்று யாரும் ஏர்போர்ட்டுக்குப் போகவில்லை. பத்துப் பேர். ஒரு சட்டை மிஞ்சியது, உங்களுடையது.

வாசலருகே அந்தப் போர்த்துகீசியர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். உங்கள் மனைவியைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். அதுவரை அந்தப் போர்த்துகீசியரிடம் ஒரு வார்த்தை பேசியிராத நான் அருகில் போய், "எங்களுக்கு ஓர் ஆள் குறைகிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சட்டையை வாங்கி அணிந்துகொண்டார். உங்களைத் தூக்கும்போது அவரும் தோள் கொடுத்தார்.

நோட்டில் அன்றைய பக்கத்தில் பதினொரு பெயர்கள் இருக்கின்றன. கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் 'இரவல்' என்று எழுதியிருக்கிறேன். விட்டிருந்தால் நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

இப்போதெல்லாம் பையை நான்தான் பூங்காவுக்குக் கொண்டுபோகிறேன். இன்று ஒருவருடைய மாமியார் வந்து இறங்குகிறார்; ஒன்பது பேர்தான். எதிரணியிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்கப் போகிறவளும் நான்தான், அண்ணா.