கொக்குக்கு ஒரு வசனம்

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி மழை இன்றும் விடவில்லை. ஓமலூர்க் கடைவீதி முழுக்கச் சேறும் பட்டாசுக் காகிதமும். மதியம் கலைமணி கூப்பிட்டாள். எங்கள் பத்திரிகையின் சேலம் பதிப்புக்கு இப்போது அவள்தான் ஆசிரியர்.

"அக்கா, ஏரிய மூடிக் கட்டுன பஸ் ஸ்டாண்டுல முழங்கால் தண்ணி நிக்குதுங்க. ஞாயித்துக்கிழமைக்கு ஒரு கார்ட்டூன் போட்டுக் குடுங்க. நீங்க முடியாதுன்னா கம்ப்யூட்டர்ல எதையாச்சும் போட்டுருவாங்க. எனக்கு மனசு வரலீங்கக்கா."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அக்டோபர் 22, புதன்

நான் படம், அவர் வசனம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு நூல் கடைக்கு மேலே ஆபீஸ். கீழேயிருந்து கஞ்சி போட்ட நூல் வாசனை வரும். மாடியில் அச்சு மை வாசனை. அப்போது அவர் துணை ஆசிரியர் முருகானந்தம். பென்சிலில் கிறுக்கிய தாளை அவர் மேஜையில் வைத்துவிட்டு நிற்பேன். சிரித்தால் படம் தேறியது. சிரிக்காவிட்டால், "ஏனுங்க அம்மிணி, இதுக்குள்ள நாலு படம் இருக்குது. எனக்கு ஒண்ணு போதுமுங்க" என்பார். வெறுப்பாக வரும். மறுபடி வரைவேன். அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். எத்தனை சந்தோஷமான வெறுப்பு அது!

மாசியில் பக்கவாதம் வந்து அவருடைய வலது கையையும் பேச்சையும் எடுத்துக்கொண்டது. எல்லாம் புரிகிறது, சொல்லத்தான் வரவில்லை. 'ஆமா'வும் 'சாமி'யும்தான் மிச்சம். அதற்குப் பிறகு நானும் வரையவில்லை. தனியாக வரைந்தால், அவர் கதை முடிந்தது என்று நானே சொன்னதாகிவிடாதா?

அக்டோபர் 23, வியாழன்

கலைமணிக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

வழக்கம்போல் முதலில் தபால் கார்டு அளவில் சின்னச் சின்னதாகப் போட்டுப் பார்த்தேன். பஸ்ஸுக்குத் துடுப்பு — யார் வேண்டுமானாலும் போடுவார்கள். படகில் வந்து ரிப்பன் வெட்டும் அமைச்சர் — பார்த்துச் சலித்தது. கடைசியில் ஒன்று தேறும்போல் இருந்தது. தண்ணீர் நிற்கும் பஸ் ஸ்டாண்டு, பெஞ்சு மேல் வேட்டியைத் தூக்கிப் பிடித்த அமைச்சர், குடை பிடிக்கும் கட்சிக்காரர், பயணிகள், பையோடு கண்டக்டர். ஓரத்தில் இடம் காலியாக இருந்ததால் ஒரு கொக்கு.

வசனம் வரவில்லை. எழுதி எழுதி அடித்தேன். எல்லாமே மேடைப் பேச்சு. எனக்கு எதுக்கு இந்த வேல? முடியாதுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம். வசனம் சொல்றவரு அந்த அறையில மோட்டுவளையப் பாத்துட்டுப் படுத்திருக்கறாரு, நான் இங்க —

அக்டோபர் 24, வெள்ளி

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் காப்பி கொடுத்த கையோடு அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தேன். நோகடிக்கிறேனோ என்று பயம்தான். வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி அமைச்சரை மூடினார். கையை நகர்த்திக் குடைக்காரரை மூடினார். அப்புறம் பயணிகளை.

"இவங்கெல்லாம் வேண்டாமுங்களா?"

"ஆமா."

விரலைக் கொக்கின் மேல் வைத்தார். உதடு துடித்தது. "ஊ… ஊடு."

மாசிக்குப் பிறகு வந்த முதல் புதுச் சொல்! வீட்டுக்குள்ளே போய்ப் படுக்க வேண்டும் என்கிறாரோ என்று நினைத்தேன். "ஊட்டுலதானுங்க இருக்கறோம். படுத்துக்கறீங்களா?" என்று தோளைப் பிடித்தேன். என் கையைத் தட்டிவிட்டார். கண்ணில் தண்ணீர், அத்தனை கோபம். கொக்கைக் குத்திக் குத்தி, "ஊடு! ஊடு!"

அப்போதுதான் உறைத்தது, சொல்வது அவரில்லை, கொக்கு. கண்டக்டருக்குப் பக்கத்தில், "எங்க போவோணும்?" என்று எழுதினேன். கொக்குக்கு மேலே எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

"எங்கயும் போவலீங்க. இதுதான் எங்க ஊடு."

சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, சத்தமே வராமல், தோள் குலுங்கக் குலுங்க. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

அக்டோபர் 25, சனி

புதுத் தாளில் லேசாகப் பென்சில், அதன் மேல் மையும் நிப்பும். கொக்கின் கால்களை மட்டும் தூரிகையால் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பாக இழுத்தேன். தண்ணீருக்குச் சில கோடுகள் போதும், மீதியை வெள்ளையாகவே விட்டேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பென்சிலை அழித்து, ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் எடுத்து அனுப்பினேன்.

கலைமணி உடனே கூப்பிட்டாள். "பிரமாதங்கக்கா! ஆனா மத்த ஊர்க்காரங்களும் படிப்பாங்க. 'ஊடு'ங்கறத 'வீடு'ன்னு மாத்திக்கட்டுங்களா?"

"தொடாத சாமி. அது அவரு சொன்ன வார்த்தை."

"சாரே சொன்னாருங்களா?" என்று கேட்டபோது அவள் குரல் மாறியிருந்தது.

அக்டோபர் 26, ஞாயிறு

வந்துவிட்டது. 'ஊடு' என்றே.

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் பேப்பரை என் மடியில் தள்ளினார். நாமக்கல் முட்டை விலைச் செய்தியின் மேல் விரல்.

"மு… மு…"

"என்னங்க, உங்க பேரச் சொல்றீங்களா?"

தலையில் அடித்துக்கொண்டார். இடது கையால் மேஜை மேல் துழாவி, பென்சிலை எடுத்து என்னிடம் நீட்டினார்.