மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் காணாமல் போன பத்தி

"நீ பயந்துடுவேன்னுதான்மா..."
"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?"
"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்ப!"

காலையில் ரெண்டு பேரும் சேர்ந்தே கத்தினோம். நீ பாதியில் ஆபீசுக்கு ஓடிவிட்டாய். மிச்சத்தை எழுதி வைக்கிறேன்.

என் கம்ப்யூட்டரில் நீ ரகசியமாகப் போட்டு வைத்த கருவியை எடுத்துவிட்டேன். மருத்துவமனை அனுப்பிய பக்கத்தைத் திறந்தால், 'ரத்த உறைவு' என்று வந்தாலே அது முழுப் பத்தியையும் மறைக்கிறதாமே! முழங்கால் ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டிய மாத்திரையும் அதே பத்தியில்தான் இருந்தது. மாடி வீட்டுத் தையல்காரி அதே பக்கத்தைத் தன் போனில் முழுசாகக் காட்டினாள். நான் நேற்றுவரை அதைப் போட்டுக்கொண்டிருந்தேன். மருத்துவமனை எனக்கு எழுதியதை வெட்ட நீ யார்?

டாக்டரிடம் சொல்லி வேறு தேதி கேட்கப் போகிறேன். ஆபரேஷன் உண்டு. முழுசாகப் படித்தேன், பயமும் உண்டு. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சாப்பாடு அடுப்படியில் மூடியிருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடு. சாவி தையல்காரியிடம். அவளிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே.

இடம் தீர்ந்துவிட்டது, ஓரத்தில் எழுதுகிறேன். நான் வந்ததும் கேட்கப் போவது இதுதான்:

"நிஜத்தைச் சொல்லுடி, அந்தப் பத்தியைப் பார்த்துப் பயந்தது யாரு, நானா, நீயா?"