உயிரோடிருப்பவரின் பெயர்

மார்ச் 3, செவ்வாய்

இருபதாம் ஆண்டு மலருக்குப் பத்திரிகையின் வரலாற்றை நான்தான் எழுத வேண்டுமாம். ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தால் இதுதான் கதி. நான் வேலை பார்க்கும் பல் டாக்டர் கிளினிக்கின் வரவேற்பு மேஜையிலேயே, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் முறைக்க முறைக்க, முதல் பத்தியை எழுதினேன். "தன்பாலீர்ப்பாளர்களுக்காக இந்நகரில் தொடங்கப்பட்ட முதல் பத்திரிகை…" எனக்கே கொட்டாவி வந்தது. கிழித்துப் போட்டேன்.

நடந்தது வேறு. மாமா (யாருக்கும் சொந்த மாமா இல்லை, எல்லோருக்கும் மாமா) கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தபோது, ஆபீஸ் மெஷினிலேயே இரண்டு பக்கம் அடித்து, நகலெடுத்து, நம்மவர்கள் கூடுகிற கடைகளில் வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறார். தபாலில் போகும் பிரதிகளின் உறைமேல் 'தோட்டக்கலைச் சங்கம்' என்று போட்டதும் அவர்தான். சந்தாதாரர் ஒருவரின் அம்மா, ரோஜாச் செடியில் பூச்சி என்று சங்கத்துக்கு எழுதிக் கேட்க, மாமா நூலகத்துக்குப் போய்ப் படித்துவிட்டுப் பதில் போட்டாராம். இதை எழுதினால்தான் வரலாறு.

மார்ச் 7, சனி

மாமா விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக் கசிவு.

மகள் வீட்டு மாடியறையில்தான் இருக்கிறார். அவளுக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. மனைவியை இழந்த, கேரம் பைத்தியம் பிடித்த அப்பா, அவ்வளவுதான். ஞாயிறுதோறும் கேரம் ஆட வரும் சிநேகிதர்தான் டிரைவர் அண்ணன். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். எனக்கு மாமாவைத் தெரிந்த நாளாக அவருடைய துணை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சொந்தக்காரர்களை மட்டும்தான் விடுகிறார்கள். அண்ணன் வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில், காலி பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிறார். அங்கே நர்ஸாக இருக்கிற இவள்தான், என்னோடு வாழ்கிற என் இவள்தான், உள்ளே பார்த்துவிட்டு வந்து அவருக்குச் சொல்கிறாள். இவள் யூனிஃபார்ம் அவருக்கு உதவுகிறது. அவர் யூனிஃபார்ம் எதற்கும் உதவவில்லை.

மார்ச் 9, திங்கள்

"இன்னிக்குத் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்டி" என்று இவள் போன் செய்தாள். மாலைக்குள் பக்கங்கள் அச்சகத்துக்குப் போக வேண்டும். விட்டால் அடுத்த மாதம்தான்.

எங்கள் வழக்கம் இது: உயிரோடு இருக்கும்வரை பத்திரிகையில் பட்டப்பெயர். இறந்தால் அஞ்சலிப் பத்தியில் முழுப்பெயர், போட்டோ, யாரோடு வாழ்ந்தார் என்ற விவரம். பெரிய பேப்பரில் வீட்டார் கொடுக்கும் விளம்பரத்தில் பாதி வாழ்க்கை காணாமல் போகிறதே என்று மாமா ஏற்படுத்தியது. எய்ட்ஸ் நோய் எங்களை வாரிக்கொண்டு போன வருஷங்களில், டாக்டர் கையை விரித்ததுமே பத்தியை எழுதி வைப்போம். அப்போது படுத்தவர்கள் எழுந்ததே இல்லை. "ஒரு மாசம் கழிச்சு அழறது என்ன அழுகை?" என்று மாமாவே விரட்டுவார்.

எழுதினேன். அழுதுகொண்டேதான் எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்தேன், சனியன்!

மார்ச் 12, வியாழன்

மாமா கண் விழித்துவிட்டார்! தண்ணீர் கேட்டாராம்!

பிரதிகள் நேற்றே கடைகளுக்குப் போய்விட்டன.

மார்ச் 13, வெள்ளி

தபாலில் போக வேண்டியவற்றை நிறுத்திவிட்டு, கடை கடையாக ஏறி இறங்கிப் பொறுக்கினோம். லாண்டரிக் கடையில் வைத்த பிரதிகளில் ஒன்று குறைகிறது. யார் எடுத்தார்களோ.

இவளிடம் கத்தினேன். "நீ சொன்னதாலதான்டி!" "பிழைக்க மாட்டார்னு டாக்டர் சொன்னதைச் சொன்னேன். செத்துட்டார்னு சொன்னேனா? எழுதினது யாரு?"

நான்தான். வேறு யார்?

மார்ச் 14, சனி

மகள் வந்தாள். மருந்துக்கடை வைத்திருப்பவள். வாடிக்கையாளர் யாரோ துக்கம் விசாரித்துக்கொண்டே பத்திரிகையை நீட்டியிருக்கிறார். எங்கள் பத்திரிகை அறையில் உட்கார ஒரு நல்ல நாற்காலிகூட இல்லை. நின்றுகொண்டே பேசினாள்.

"எங்கப்பா அங்க சூப் குடிச்சிட்டிருக்கார். நீங்க பாடையே கட்டிட்டீங்க."

மன்னிப்புக் கேட்டேன். கை நீட்டி நிறுத்தினாள்.

"அதை விடுங்க. இது என்ன, இந்த ஆளோட வாழ்ந்தார்னு? கேரம் அங்கிள்தானே இது? டிரைவர்னு போட்டா எனக்குத் தெரியாதா?" குரல் உடைந்துவிட்டது. "எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்ல, வேற யாரோன்னு நினைச்சு இவர் பேரைப் போட்டுட்டோம்னு அடுத்ததுல போடுங்க. போட்டாதான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன். புருஷன் வீட்டு ஆளுங்க முகத்துல நான் எப்படி முழிக்கிறது, சொல்லுங்க?"

அவள் கேட்டது அநியாயம். ஆனால் என்னால் அவளை முழுசாக வெறுக்கக்கூட முடியவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

மாமாவைப் பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. அஞ்சலியைப் படித்திருக்கிறார். "ரொம்பப் புகழ்ந்துட்டே. செத்தவனுக்கே கூசும்" என்றார், ஒவ்வொரு சொல்லாக.

மகள் கேட்டதைச் சொன்னேன். "இருபது வருஷத்துல நாம பொய் அச்சடிச்சதில்ல மாமா."

"தோட்டக்கலைச் சங்கம் மட்டும் என்ன, உங்கப்பன் நிஜமா வெச்சதா?"

சிரிப்பு வரவில்லை எனக்கு. அவரும் சிரிக்கவில்லை.

"எனக்குப் பேத்தி வேணும். சாயங்காலம் மாடிக்கு வந்து கணக்குப் போடுவா. போட்டுடு, ஆசிரியரம்மா."

"அண்ணனுக்கு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவனுக்குப் புரியும்."

எப்படிப் புரியும்? எனக்கே புரியவில்லையே!

மார்ச் 22, ஞாயிறு

திருத்தம் எழுதினேன். நாலே வரி. பிறகு போய் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

ஏப்ரல் 11, சனி

இதழ் வந்துவிட்டது. டிரைவர் அண்ணன் நின்றுகொண்டே படித்தார். மடித்து மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, அப்ப நான் யாரு?"

மாமா கேட்டார் என்றேன். "தெரியும்" என்றார். மகள் வீட்டு வாசலில் அவரை நிறுத்தி, அப்பாவுக்கு இனி கேரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். மரியாதையாகத்தான் சொன்னாளாம். அதுதான் தாங்கவில்லை என்றார். போய்விட்டார்.

ஆண்டு மலர் தள்ளிப் போகிறது. இந்த நாலு வரியைச் சேர்த்தும் வரலாறு எழுத முடியவில்லை, விட்டும் எழுத முடியவில்லை.

மே 19, செவ்வாய்

மாமாவுக்குப் போன் செய்தால் பேத்தி எடுக்கிறாள். தாத்தா தூங்குகிறாராம். எப்போது செய்தாலும் தூங்குகிறார்.

ஜூன் 14, ஞாயிறு

மாமா போய்விட்டார். வெள்ளிக்கிழமையாம். பெரிய பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்தது. அன்புத் தந்தை, பாசமிகு தாத்தா. அடக்கம்கூட முடிந்துவிட்டது. அண்ணனுக்குப் போன் செய்து சொன்னது நான்தான். "காலையில டிரிப் இருக்கு" என்று வைத்துவிட்டார்.

பத்தியில் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று குதித்தேன். இவள்தான் தடுத்தாள். "அவர் வாயால கேட்டது அது. செத்துட்டார்னா வாக்கு இல்லைன்னு ஆயிடுமா? அந்தப் பேத்தியை நினைச்சுப் பாருடி."

ஆக, பத்திரிகையைத் தொடங்கிய மனிதருக்குப் பத்திரிகையில் இடமில்லை. ஆத்திரம் தாங்காமல் வரலாற்றுக் கட்டுரையை எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்தேன். கிழித்துவிட்டு அழுதேன்.

ஜூன் 16, செவ்வாய்

டிரைவர் அண்ணன் வந்தார். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, யூனிஃபார்மோடு நேரே வந்துவிட்டார். முகம் சவரம் செய்திருந்தது.

"அஞ்சலிப் பத்தி எழுதும்மா."

"அவர் பேரைப் போட முடியாதுண்ணே. நாமளே மறுத்து எழுதிட்டோம்."

"அவர் பேரை யார் கேட்டா? என் பேரைப் போடு. இன்னார், ஸ்கூல் பஸ் டிரைவர், கூட வாழ்ந்த மனுஷனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறார்னு எழுது. என் போட்டோவைப் போடு."

"உயிரோட இருக்கிறவங்க பேரை நாம போட்டதே இல்லையே. வேலை போயிடும்ண்ணே."

"போகும்" என்றார், நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டே.

காகிதத்தை எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷப் பழக்கம், இவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டேன். நிதானமாகச் சொன்னார். எழுதிக் காட்டினேன்.

"இனிஷியலை விட்டுட்டியே" என்றார். "அதையும் போடும்மா. அப்பா ஊர்ல உசிரோடதான் இருக்கார்."