கூறைப் புடவையில் ஒரு சாண்

ஜாதவ்பூர், கல்கத்தா-32
7-1-1974

அன்புள்ள வசுமதிக்கு,

நான் நலம். நீ நலமாகத்தான் இருப்பாய். இருந்தாலும் ஒரு வரி எழுதினால் குறைந்து போகமாட்டாய்.

இரண்டு வருஷமாக என் கடிதங்களுக்குப் பதில் இல்லை. இது குடும்பக் கடிதம் அல்ல, உத்தியோகக் கடிதம். எனவே கிழிக்காமல் படி.

எங்கள் நிலையத்து நெட்டலை டிரான்ஸ்மிட்டரை, அதுதான் நீ 'கிழவி' என்று வைதாயே அதை, மார்ச் 31-ஆம் தேதி எடை போட்டுப் பழைய இரும்பாக விற்கப் போகிறார்கள். நாற்பத்து மூன்று வருஷம் கப்பல்களுக்குப் புயல் சொன்னவள். அவளைக் கிளப்பத் தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான். அவள் போனால் என்னை ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்த்தி ஃபைல் கட்டச் சொல்வார்கள். அதற்கு நான் செத்துப் போகலாம்.

புது அதிகாரி ஹிமாங்ஷு பாபு நல்ல மனுஷர். "ஆயிரம் மைலுக்கு அப்பால் யாராவது கேட்டு, கேட்டதை எழுதி அனுப்பட்டும். கிழவியைக் காப்பாற்ற நான் எழுதுகிறேன்" என்றார்.

நாகப்பட்டினம் கணக்காக ஆயிரம் மைல், நடுவில் பெரும்பாலும் கடல். நெட்டலைக்கு அதுதான் ராஜபாட்டை. மாமாவின் கப்பல் ரிசீவர் உன்னிடம் இருக்கிறது. தந்தி ஆபீஸில் வேலை பார்க்கிறவளுக்கு மோர்ஸ் தண்ணீர் பட்ட பாடு. 20-ஆம் தேதி ஞாயிறு காலை ஆறு மணி, 125 கிலோசைக்கிள்.

கீழ்வீட்டு மாஷிமா தினமும் "பௌமா கபே ஆஷ்பே?" என்கிறாள். மருமகள் எப்போது வருவாள் என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

உன்
நாகரத்தினம்


நாகப்பட்டினம்
13-1-1974

ஸ்ரீ நாகரத்தினம் அவர்களுக்கு,

உத்தியோகக் கடிதம் என்றதால் பதில்.

உங்கள் கிழவியின் கம்பிச் சுருளுக்குச் சுற்றப் பட்டுத்துணி கிடைக்கவில்லை என்று என் கூறைப் புடவையில் ஒரு சாண் கத்தரித்தீர்கள். கேட்டால், கரப்பான் தின்றுவிட்டது என்றீர்கள். கத்தரி பிடித்து, அடிக்கோல் வைத்தாற்போல நேராகத் தின்கிற கரப்பான் உலகத்திலேயே நம் வீட்டில்தான் இருந்தது போலும்.

நான் மாற்றல் வாங்கிக்கொண்டு ரயிலேறியது புடவைக்காக அல்ல, அந்தக் கரப்பானுக்காக. 'ஆமாம், நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நானே இன்னொரு சாண் கத்தரித்துக் கொடுத்திருப்பேன்.

கேட்கிறேன். அப்பாவின் ரிசீவருக்கு ஒரு நல்ல காரியம் ஆகட்டும் என்பதற்காக மட்டும்.

இப்படிக்கு,
வ. வசுமதி, தந்தியாளர்

பி.கு.: மாஷிமாவுக்கு என் நமஸ்காரம். அவளிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை.


நாகப்பட்டினம்
20-1-1974

ஸ்ரீ நாகரத்தினம் அவர்களுக்கு,

காலை ஐந்தே முக்காலிலிருந்து ஏழு வரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. உங்கள் மௌனம் எனக்குப் பழக்கம்தான், ஆனாலும் காப்பி ஆறிப்போயிற்று.

வ. வசுமதி


ஜாதவ்பூர், கல்கத்தா-32
30-1-1974

அன்புள்ள வசுமதிக்கு,

கோபிக்காதே. ஆறு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது லோட்ஷெட்டிங். கிழவி ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தாள். ஹிமாங்ஷு பாபு முதல் லோக்கல் ரயிலைப் பிடித்து, குரங்குக் குல்லாய், மஃப்ளர், ஃபிளாஸ்க் சகிதம் வந்திருந்தார். இருட்டில் அவருக்கு நானும் எனக்கு அவரும் ஆறுதல் சொல்லிக்கொண்டோம்.

இந்த முறை கரெண்டை நம்பவில்லை. சரஸ்வதி பூஜைப் பந்தலுக்கு ஜெனரேட்டர் போட்டவரைக் கையில் காலில் விழுந்து பிடித்து வைத்திருக்கிறேன். பிப்ரவரி 10, ஞாயிறு, அதே நேரம். இதுதான் கடைசி வாய்ப்பு. மறுநாள் இரும்புக்கடைக்காரர் அளவெடுக்க வருகிறார்.

ஒரு சிக்கல். கேட்கப்போவது என் மனைவி என்று தெரிந்ததும் பாபு சிரித்தார். "புருஷன் பெண்டாட்டி கடிதத்திலேயே பேசி வைத்துக்கொள்வீர்கள். அன்று காலை வாசகத்தை எழுதி உறையில் போட்டு ஒட்டி என்னிடம் கொடு. அவள் யூகிக்கவே முடியாத வாசகமாக இருக்கட்டும். அவள் எழுத்துக்கு எழுத்து எழுதி, போஸ்ட்மாஸ்டர் முத்திரையோடு அனுப்பட்டும்" என்கிறார்.

யோசித்து யோசித்து மண்டை காய்கிறது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என்ன சொல்வேன் என்று சொல்கிறவள் நீ. நீ யூகிக்காதது என்று என்னிடம் என்ன இருக்கிறது?

கரப்பான் விஷயம் அப்போதே சொல்லியாயிற்று. கல்கத்தாக் கரப்பானை நீ சரியாகப் பார்த்ததில்லை.

உன்
நாகரத்தினம்


நாகப்பட்டினம்
10-2-1974

வரவேற்பு அறிக்கை

தேதி: 10-2-1974. நேரம்: காலை 6-04 முதல் 6-11 வரை. அலை: 125 கிலோசைக்கிள். சத்தம்: நன்று. இடையில் கொஞ்சம் இடி இரைச்சல்.

வாசகம், இங்கிலீஷ் எழுத்தில் வந்த தமிழ், வந்தபடியே:
"வசு கரப்பான் இல்லை நான்தான் கத்தரித்தேன் வாயில் பொய் வந்துவிட்டது பிறகு திரும்பப் பெற வெட்கம் மன்னித்துவிடு"

குறிப்பு: அனுப்பியவர் கை 'நான்தான்' என்ற இடத்தில் இரண்டு முறை தடுமாறித் திரும்ப அடித்தது. மற்றபடி தெளிவு.

வ. வசுமதி, தந்தியாளர்
(போஸ்ட்மாஸ்டர் முத்திரை இடப்பட்டது)

*

இதே உறையில், தனியாக:

அன்புள்ள அத்தானுக்கு,

முத்திரை வைக்க வேண்டுமென்று போஸ்ட்மாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அறிக்கையை இரண்டு தடவை படித்தார். "இது வானிலைச் செய்தியாம்மா?" என்றார். ஒருவகையில் ஆமாம் என்றேன்.

பாபு கேட்டபடியே யூகிக்க முடியாத வாசகம்தான். வேறு எதை அனுப்பியிருந்தாலும் கண்டுபிடித்திருப்பேன். முதல் வார்த்தையே 'வசு' என்று வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. அப்புறம் அழுதுகொண்டே எழுதினேன், ஆனால் ஒரு எழுத்துகூட விடவில்லை. சர்க்கார் ஃபைலில் ஏறிவிட்டது, இனி நீங்களே நினைத்தாலும் கரப்பான் மேல் பழி போட முடியாது.

மார்ச் இரண்டாம் தேதி மெட்ராஸிலிருந்து ஹவுரா மெயிலில் ஏறுகிறேன். மீதிப் புடவையையும் கொண்டுவருகிறேன். அந்த ஒரு சாண் கிழவியிடமே இருக்கட்டும், பிரிக்க வேண்டாம். ஆனால் நான் வருவதற்குள் வீட்டில் இருக்கிற கத்தரியைப் பூட்டி வைக்கவும்.

உங்கள்
வசு


தந்தி
கல்கத்தா, 18-2-1974
பெறுபவர்: வசுமதி, தந்தி ஆபீஸ், நாகப்பட்டினம்

கிழவி பிழைத்தாள் பாபு கையெழுத்திட்டார் ஹவுராவில் நிற்பேன் கத்தரியைக் காணவில்லை கரப்பான் கொண்டுபோயிருக்கும் = அத்தான்