பாப்பாவுக்கு அனுப்பிய வெல்லம்

கும்மிடிப்பூண்டி

அன்புள்ள ஏஞ்சலுக்கு,

நீயும் பாப்பாவும் கர்த்தர் கிருபையில் சுகமாக இருக்க வேண்டுகிறேன். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. என் மணிக்கட்டு கொஞ்சம் மடங்கிக்கொண்டது. நான் சொல்ல, தம்பி பென்னி எழுதுகிறான்.

மூன்று மாதமாக வயிறு முறுக்கியதே, அது கேஸ் இல்லை. "குடிச்சிக்கினு வந்து நடிக்கிறான்" என்றானே சூப்பர்வைசர், அதுவும் இல்லை. டாக்டரம்மா என் ஈறில் நீலக் கோட்டைப் பார்த்து ரத்தம் எடுத்தார். ரத்தத்தில் காரீயம்.

பழைய பேட்டரி உருக்கும் உலையடியில், கைகூடக் கழுவ விடாமல், "தூசிய இழுத்துக்கினு பூடும், துன்னு" என்று அந்தச் சூப்பர்வைசர் தினமும் வெல்லம் கொடுத்தானே, அதோடு தூசியைத்தான் தின்றிருக்கிறேன். போய்க் கேட்டால், "இன்னாத்துக்கு பேஜார் பண்றே?" என்கிறான். அறைய ஓங்கினேன். மணிக்கட்டு தொங்கிவிட்டது, அதுவும் காரீயத்தால்தானாம்.

அந்த வெல்லத்தில் பாதியைச் சட்டைப்பையில் சேர்த்துத்தான் பாப்பாவுக்கு அனுப்பினேன். இனி ஒரு துண்டுகூடக் கொடுக்காதே. போனில் சொல்ல வாய் வரவில்லை. பென்னி இப்போதே பஸ் ஏறுகிறான். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அவனோடு நான் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வா. என் கனத்த போர்வையையும் எடுத்து வா, வார்டில் குளிர்கிறது.

வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போகாமல் அழுதவளை, "நடிக்கிறாள், இரண்டு போடு" என்றேனே. அவளும் நடிக்கவில்லை, ஏஞ்சல்.

உன் எபினேசர்